பேர் வெட்டின பந்து

பெட்டி வேண்டாங்க தம்பி. பந்தை மட்டும் எடுத்து இந்தத் தூக்குப்போசில போட்டுக் குடுங்க.

சிரிக்காதீங்க. நல்லாக் கழுவித் துடைச்சுத்தான் கொண்டாந்திருக்கேன். காலைல வரைக்கும் சாம்பார் இருந்துச்சு, இப்ப வாசம் இருக்காது. இருந்தாத்தான் என்ன, கோல்ப் பந்துக்கு மூக்கா இருக்குது?

எந்தப் பந்துங்களா? அதா, அந்த ரெண்டாவது தட்டுல நீலப் பெட்டி. ரொம்ப வேகமாவும் இல்லாம, ரொம்ப மெதுவாவும் இல்லாம, நடுவாந்திரமா அடிக்கறவங்களுக்குன்னு வருமே, அது. ஒசத்திப் பந்து. எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுங்க. ஆனா அந்தப் பெட்டி மேல என்ன எழுதியிருக்குதுன்னு மட்டும் மனப்பாடம். அந்த ஒரு வரியிலதான் ஆரம்பிச்சுது. கடைசியில எம்புள்ளையைத் தலைப்பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு சம்பந்தி சொல்ற வரைக்கும் வந்துருச்சு.

கடையில வேற ஆளும் இல்லை. அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க, முட்டி வலிக்குது. நீங்க பந்தை எடுத்துப் போட்டுட்டே கேளுங்க.

நாங்க கிரைண்டர் போடறவங்க. கணபதியில பட்டறை. உங்க வீட்டுல எந்தக் கிரைண்டர் வெச்சிருக்கீங்க? சரி, சொல்ல வேண்டாம், அது சத்தம் போடும். எங்களுது போடாது. நான் அஞ்சாவதுக்கு மேல பள்ளிக்கூடம் போகலைங்க. ஆனா காது நல்ல காது. அடுப்படியில நின்னுட்டே, பட்டறையில எந்த மோட்டாருக்குப் பேரிங் போச்சு, எதுல பெல்ட்டு தளந்துபோச்சுன்னு சொல்லிருவேன். எங்கூட்டுக்காரர் பேரு சென்னியப்பன். ஆரம்பத்துல கிரைண்டர் கல்லு கொத்தினவரு. சம்மட்டி புடிச்ச கை. இப்ப நாலு பேரை வெச்சு வேலை வாங்கறாரு, ஆனா கை அதே கைதான்.

எங்களுக்கு ஒரே புள்ளை, தாரணி. அவளைப் பாக்க வந்தவங்கதான் இப்ப சம்பந்தி, அவிநாசியப்பன். கயித்து மில்லு, தென்னந்தோப்பு, வடவள்ளியில மாடி வீடு, கிளப்பு மெம்பரு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு மனுசன் காப்பியைக் குடிச்சுட்டு, டம்ளரைக் கீழ வெச்சுட்டு, எங்கூட்டுக்காரரைப் பாத்து, "நீங்க கோல்ப் ஆடுவீங்களா?"ன்னு கேட்டாரு.

"ஆடுவனுங்களே"ன்னாரு இவரு.

இவரு அதுவரைக்கும் ஆடினது சீட்டாட்டம் ஒண்ணுதான். "அடுத்த மாசம் ஒரு நாள் சேந்து ஆடலாம்"னு சொல்லிட்டு அவங்க கார் ஏறிட்டாங்க. இவரு மறுநாளே ஒரு கோச்சைத் தேடிப் புடிச்சுட்டாரு. கோச்சு, "சார், மெதுவா, பந்தை நோகாம அடிங்க"ன்னு சொல்லிக் குடுத்திருக்காரு. இவரு கல்லு உடைக்கற மாதிரி ஒண்ணு வெச்சாரு. பந்து போன எடம் தெரியலை. கோச்சு கையெடுத்துக் கும்பிட்டுட்டாராம்.

சம்பந்தி ஆடறது அப்படியே நேர்மாறு. பாக்கக் கண்ணு கோடி வேணும். தொப்பி, ஒரு கைக்கு மட்டும் உறை, சட்டைக்கு ஏத்த காலுறை. நிப்பாரு. இடுப்பை ஆட்டுவாரு. புல்லைக் கிள்ளிக் காத்துல விட்டுப் பாப்பாரு. மறுபடி இடுப்பை ஆட்டுவாரு. அடிச்சு முடிச்சதும், கலியாண வீட்டுல போட்டோக்காரன் 'அப்படியே இருங்க'ன்னு சொன்ன மாதிரி குச்சியைத் தோளுக்கு மேல வெச்சுட்டு ஒரே நிலையா நிப்பாரு. பந்து சித்த தள்ளிப் போயி, கோழி முட்டையிட்ட மாதிரி உக்காந்திருக்கும்.

நான் கிளப்பு வராந்தாவுல உக்காந்து, கண்ணை மூடிட்டே சொல்லிருவேன். 'ணங்'குன்னு கேட்டா இவரு. 'பொத்'துன்னு கேட்டா அவரு.

அதுலதாங்க எனக்கு வெசனம். பொண்ணைக் குடுத்தவங்க, மாப்பிள்ளையோட அப்பாவை வாராவாரம் ஜெயிக்கலாமுங்களா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லித்தான் அனுப்புவேன். "தோத்துட்டு வாங்க"ன்னு. சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டறப்பவே முகத்துல தெரிஞ்சுரும்.

"மறுபடி ஜெயிச்சுட்டீங்களா?"

"என்ன பண்றது வசந்தா, கையி கேக்க மாட்டேங்குது புள்ளை."

"குழிக்குப் பக்கத்துல வந்தாவது வெளிய தட்டி உடக் கூடாதா?"

"உட்டேன். அது சுத்திட்டு வந்து உள்ள உளுந்துருச்சு."

நான் எதுலயும் தலையிடற ஆளு இல்லைங்க தம்பி. யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. ஆனா புள்ளை வாழப் போன எடம் பாருங்க. நம்ம ஆளைக் கீழ எறக்க முடியலைன்னா அந்த ஆளை மேல ஏத்திர வேண்டியதுதானேன்னு யோசிச்சேன். ஆடி நோம்பி வந்துச்சு. மொத ஆடிச் சீரு. மத்ததோட ஒரு பெட்டி பந்தும் வெச்சுரலாம்னு முடிவு பண்ணி இதே கடைக்குத்தான் வந்தேன். அன்னிக்கு நீங்க இல்லை. கண்ணாடி போட்ட ஒருத்தரு இருந்தாரு.

மொதல்ல எல்லாத்துலயும் ஒவ்வொண்ணை வாங்கி, தரையில தட்டி, காதுகிட்ட வெச்சுக் கேட்டுப் பாத்தேன். "அம்மா, இது தேங்கா இல்லீங்க"ன்னாரு. தேங்கான்னா நான் இவ்வளவு நேரம் எடுத்துக்க மாட்டேன். "யாருக்கும்மா?"ன்னு கேட்டாரு, சம்பந்திக்குன்னேன். "எவ்வளவு வேகமா அடிப்பாரு?"ன்னு கேட்டாரு. வேகத்துக்கு நம்பர் சொல்ல எனக்கு என்ன தெரியும்? அங்க சாத்தி வெச்சிருந்த ஒரு குச்சியை எடுத்து, புல்லைக் கிள்ளிப் போடறதுல இருந்து போட்டோவுக்கு நிக்கற வரைக்கும் அப்படியே செஞ்சு காட்டினேன். "சரிங்கம்மா, நடுத்தரம்"னாரு. நடுத்தரம்னு சொன்னது அவரோட நல்ல மனசு.

"இப்ப என்ன பந்து அடிக்கறாரு?"ன்னாரு. டிவியில வெள்ளைக்காரங்க அடிக்கற அதே பந்துன்னேன். அதைத்தான் சம்பந்தி எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிவாரு.

அவரு விளக்கினாரு. அந்தப் பந்து உள்ள கெட்டியாம். அடி நல்ல வேகமா விழுந்தாத்தான் அது நசுங்கி நிமிந்து எகிறுமாம். நிதானமா அடிக்கறவரு அதைத் தட்டினா அது பாட்டுக்குக் கல்லு மாதிரி கெடக்குமாம். எனக்குச் சட்டுனு புரிஞ்சுருச்சு. அரை ஹெச்பி மோட்டாரைக் கொண்டாந்து ஓட்டலுக்குப் போடற பெரிய கல்லுல மாட்டினா சுத்துமுங்களா? மோட்டார் மேல குத்தமில்லை, கல்லு மேலயும் குத்தமில்லை. சோடி சரியில்லை. "அப்ப மெத்துன்னு இருக்கறது குடுங்க"ன்னேன். மெத்துன்னு சல்லிசாவும் ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு மேல்தோல் சரியில்லையாம், குழியில நட்டிருக்கற கொடிகிட்டப் போயி விழுந்தா நிக்காம வழுக்கிட்டு ஓடிருமாம். இந்த நீலப் பெட்டிதான் உள்ள மெத்து, மேல நல்ல தோலு, விழுந்த எடத்துல நிக்கும்னாரு. சீருக்கு வெக்கறது, ஒசத்தியாவே இருக்கட்டும்னு எடுத்தேன்.

எடுத்துட்டுக் கிளம்பறப்பதான் அவரு, "பேர் போட்டுத் தரட்டுமா? எல்லாப் பந்துலயும் அச்சடிச்சுத் தருவோம்"னாரு.

பேர் போடாமச் சீரு குடுப்பாங்களா தம்பி? எங்க வீட்டுல இருந்து எவர்சில்வர் கரண்டி வெளிய போனாக்கூட, 'சென்னியப்பன் - வசந்தாமணி, கணபதி'ன்னு வெட்டாமப் போகாது. புள்ளை கலியாணத்துக்குக் குடுத்த குத்துவிளக்குல இருந்து காப்பி வடிகட்டி வரைக்கும் வெட்டினோம். பாத்திரக்கடைக்காரரு கையி சலிச்சுப் போச்சு. "போடுங்க"ன்னேன். பந்துல எடம் பத்தாது, ஒரு பேர்தான் வரும்னாரு. சரி, அவரு பேரு போதும்னு என் பேரை எடுத்துட்டேன். நான் எப்பவும் விட்டுக் குடுக்கறவதாங்க.

ஆமாங்க, எங்கூட்டுக்காரர் பேர்தான். நீங்களும் அந்தக் கண்ணாடிக்காரர் மாதிரியே முழிக்கறீங்க. குடுக்கறவங்க பேரைத்தானே வெட்டுவாங்க? வாங்கறவங்க பேரை எங்காவது வெட்டுவாங்களா?

நோம்பி அன்னிக்குத் தட்டு வரிசை வெச்சோம். பட்டு, பழம், இனிப்பு, நட்டநடுவுல பந்து. எழுத்துத் தெரியற மாதிரி நேரா வெச்சேன். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் சுத்தி உக்காந்திருக்காங்க. அவங்க பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு. எழுத்துன்னு ஒண்ணு கண்ணுல பட்டா வாய்விட்டுப் படிக்காம இருக்க முடியாது அவருக்கு. பெட்டியைக் கையில எடுத்து மொதல்ல இங்கிலீசுல படிச்சாரு. அதோட விட்டிருந்தா நல்லாப் போயிருக்கும். தமிழ்லயும் சொன்னாரு. "மிதமான வேகத்தில் அடிப்பவர்களுக்கு ஏற்றது."

சம்பந்தி கேட்டாரு. "யாருக்கு மிதமான வேகம்?"

"உங்களுக்குத்தானுங்கண்ணா! நானே பாத்துப் பாத்து எடுத்தேன்"னேன்.

தாரணி என் காலை மிதிச்சா. எதுக்கு மிதிச்சாளோ, அப்பவும் புரியலை, இப்பவும் புரியலை.

பெட்டியைப் பரண்ல போட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். போட்டது பெட்டியை மட்டும்தான். பந்தையெல்லாம் சம்பந்தி எடுத்துத் தன் பைக்குள்ள, அடியில, துண்டுக்குள்ள சுருட்டி வெச்சுக்கிட்டாரு. சம்பந்தியம்மா கோகிலவாணி ரொம்ப நாள் கழிச்சுத்தான் என்கிட்ட இதைச் சொன்னாங்க. தனியா ஆடறப்போ அதுல அடிப்பாராம். நாலு பேர் பாத்தா அந்த வெள்ளைக்காரப் பந்து.

பொறகு கிளப்புல போட்டி வெச்சாங்க. நானும் போயிருந்தேன், வராந்தாவுல உக்காந்திருந்தேன். ஒரு சின்னக் குழி இருக்குதுங்க, மேடு தாண்டி. ஒரே அடியில யாரு பந்து கொடிக்குப் பக்கத்துல போயி நிக்குதோ அவங்களுக்குக் கப்பு. எங்கூட்டுக்காரரும் சம்பந்தியும் ஒரே கூட்டத்துல ஆடினாங்க, கூட இன்னும் ரெண்டு பேரு. அடிக்கற எடத்துல இருந்து கொடி தெரியாது, மேடு மறைச்சுக்கும்.

அன்னிக்கு நான் ஒரு சத்தம் கேட்டேன் தம்பி. 'ணங்'கும் இல்லை, 'பொத்'தும் இல்லை. 'டிக்'குன்னு, புதுப் பேரிங் போட்ட மோட்டார் மொதத் தடவை சுவிட்ச் போட்டதும் ஒரு சத்தம் வருமே, அது மாதிரி. யாரு அடிச்சாங்கன்னு என் காதுக்கே புடிபடலை.

அவங்க மேடு ஏறிப் போயிருக்காங்க. கொடிக்கு ஒரு எட்டுத் தள்ளி ஒரு பந்து. அங்க கணக்கு எழுத நின்ன ஆளு குனிஞ்சு பாத்துட்டு, "சென்னியப்பன் சார்! சூப்பர் சார்!"னு கத்திட்டாரு. கூட வந்த ரெண்டு பேரும் இவரு முதுகுல தட்டறாங்க. இவரு கண்ணாடி போடலை. குனிஞ்சு பாத்தாரு. தன் பேர் மங்கலாத் தெரிஞ்சுது. 'வசந்தா எம்பந்துலயும் பேர் போட்டிருக்காளாட்ட இருக்குது, எங்கூட்டுல எதுல பேரில்லை'ன்னு நெனச்சுட்டு நிமிந்துட்டாரு.

சம்பந்தி நிலைமையைப் பாருங்க. அவரு பந்துங்க அது, கப்பு ஆசையில அன்னிக்கு மட்டும் சீருப் பந்தை எடுத்து, எழுத்தைக் கீழ மறைச்சு வெச்சு அடிச்சிருக்காரு. முப்பது வருசமா ஆடறாரு, அப்படி ஒரு அடி ஒரு நாளும் விழுந்ததில்லை. ஆனா என்னுதுன்னு எப்படிச் சொல்லுவாரு? சொன்னா, உன் பந்துல ஏன் சம்பந்தி பேருன்னு கேப்பாங்க. மருமக வீட்டுச் சீருன்னு சொல்லணும். கையில எடுத்துப் பாத்தாங்கன்னா, இது மெதுவா அடிக்கறவங்க பந்துன்னு தெரிஞ்சுரும். மனுசன் வாயைத் தொறந்து மூடிட்டு, "எம்பந்தைக் காணோம்"னு சொல்லிட்டு, பொதர்ல பூந்து தேட ஆரம்பிச்சுட்டாரு. இல்லாத பந்தை! மத்த மூணு பேரும் அவருக்கு ஒத்தாசையாப் பொதரைக் குச்சியால விலக்கி விலக்கித் தேடியிருக்காங்க. எங்கூட்டுக்காரர்தான் ரொம்ப முசுவா, விடாமத் தேடினாராம்.

சாயங்காலம் மைக்குல பேரைக் கூப்பிட்டாங்க. இவரு போயி வாங்கிட்டாரு. நான் எந்திரிச்சு நின்னு கை தட்டினேன். சம்பந்தியும் தட்டினாரு. சத்தம் மட்டும் வரலை.

நல்ல கனமான எவர்சில்வர் கப்பு. மறுநாளே பாத்திரக்கடைக்குக் கொண்டு போயி 'சென்னியப்பன்'னு வெட்டி வாங்கிட்டு வந்து கண்ணாடி அலமாரியில வெச்சேன். பேர் வெட்டாமப் பாத்திரம் வீட்டுக்குள்ள இருந்தா எனக்குத் தூக்கம் வராது.

அதுக்கப்புறம் சம்பந்தி வீட்டுல பேச்சே குறைஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குக் கூப்பிடறதில்லை. நான் போன் பண்ணினா, "பூசையில இருக்காரு"ம்பாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு என்ன பூசை? நடுவுல தாரணி முழுகாம இருக்கா. ஏழாம் மாசம் கட்டுச்சோறு விருந்து வெச்சு, நாங்க சோறு கட்டிட்டுப் போயி, வளையல் போட்டு, புள்ளையைக் கையோட கூட்டிட்டு வரணும். எங்க பக்கம் காலங்காலமா அப்படித்தான். நாள் பாக்கலாமான்னு கேட்டேன். சம்பந்தி போனை வாங்கி, "விருந்து வெச்சுக்கலாமுங்க. ஆனா பிரசவம் இங்கயே பாத்துக்கறோம். ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குது"ன்னாரு.

எங்க வீட்டுக்குப் பின்னாடி சந்துலயும்தான் ஆஸ்பத்திரி இருக்குது! எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அவளுக்குன்னு அறைக்கு வெள்ளையடிச்சு வெச்சிருக்கேன். தலைப்பிரசவத்துக்குப் பெத்தவ வீட்டுக்கு வராத புள்ளைன்னா ஊரு என்ன பேசும்? ஊரு கெடக்கட்டும். ராத்திரி வலி எடுத்தா அவ யாரைக் கூப்பிடுவா?

கோகிலவாணிக்குப் போனைப் போட்டேன். "சம்பந்தி, என்ன குத்தம் வந்துச்சுன்னு சொல்லுங்க, கால்ல வேணாலும் விழறேன்"னேன். அந்தம்மா மொட்டைமாடிக்குப் போயி, துணி காயப் போடற எடத்துல நின்னுட்டுப் பேசினாங்க, காத்துல புடவை அடிக்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அப்பத்தான் எல்லாத்தையும் சொன்னாங்க. "பெட்டியில எழுதியிருந்ததுக்கு ஒரு வாரம் கோவிச்சுக்கிட்டாருங்க சம்பந்தி, அது தீந்து போச்சு. இது அது இல்லை. ஆயுசுக்கு ஒரு அடி அடிச்சாரு, அது அவருதுன்னு ஒரு மனுசனுக்குத் தெரியலை. சோத்துல கை வெச்சுட்டு அப்படியே உக்காந்துக்கறாரு. தூக்கத்துல இடுப்பை ஆட்டறாரு."

போனை வெச்சுட்டு எங்கூட்டுக்காரர்கிட்ட வந்தேன்.

"கப்பைக் குடுங்க. அது சம்பந்தியோடது."

"பேரு என்னுது வெட்டியிருக்குதே."

"நாந்தான வெட்டினேன்!"

"பந்துலயும் எம்பேருதான."

"அதையும் நாந்தான போட்டேன்! உங்க பந்து எங்க போச்சுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

விட்டத்தைப் பாத்தாரு. "மேட்டுக்கு அக்கட்டால குட்டையில ஒரு சத்தம் கேட்டுச்சு. தவளைன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுமா போயி வாங்கினீங்க?"

"மைக்குல பேரைக் கூப்பிட்டாங்க புள்ளை. எந்திரிச்சுப் போறதுதான மரியாதை?"

இவர்கிட்ட என்ன பேசறது? மறுநாள் இவரு பட்டறைக்குப் போனதும் கப்பை எடுத்துட்டுப் பாத்திரக்கடைக்குப் போனேன். அழிங்கன்னேன். எவர்சில்வர்ல வெட்டினதை அழிக்க முடியாதும்மான்னுட்டாரு. சரி, அழிக்க வேண்டாம், மேல ஒரு வார்த்தை, கீழ ஒரு வரி சேருங்கன்னேன். இப்ப அந்தக் கப்புல எப்படி இருக்குதுன்னா, 'கொடுத்தவர்: சென்னியப்பன். அடித்தவர்: அவிநாசியப்பன்.'

பாத்திரக்கடைக்காரரு, "என்னம்மா, போலீஸ் கேசு மாதிரி இருக்குது"ன்னாரு. "வெட்டுங்க"ன்னேன்.

விருந்து அன்னிக்குச் சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்து மண்டபம். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு, எல்லாம் கட்டிட்டுப் போனோம். தாரணி பட்டுக் கட்டி, பூ வெச்சு, மனையில உக்காந்திருக்கா. வயித்துமேல கையை வெச்சுட்டு என்னையே பாக்கறா. வளையலை எல்லாரும் தட்டுல வெப்பாங்க. நான் கப்பு நிறையக் கண்ணாடி வளையலைக் கொட்டி, அதைத் தூக்கிட்டுப் போயி நேரா சம்பந்தி முன்னாடி வெச்சேன். எங்கூட்டுக்காரர் பாத்துட்டு எந்திரிச்சாரு. ஆனா சீராப் போன பொருளை எப்படித் திருப்பிக் கேக்கறது? உக்காந்துட்டாரு.

சம்பந்தி கப்பைத் திருப்பிப் பாத்தாரு. எழுத்தைப் படிச்சாரு. கழுத்து செவந்து போச்சு. அந்த வாத்தியாரு எட்டிப் பாத்து, "கொடுத்தவர்..."னு ஆரம்பிச்சாரு. இவரு படிச்சா அரைகுறையாப் போயிரும்னு மைக்கை நானே எடுத்துட்டேன்.

பழக்கமில்லைங்க எனக்கு. "எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்தக் கப்பு எங்கூட்டுக்காரர் ஜெயிச்சது இல்லை. அவரு பந்து குட்டையில விழுந்துருச்சு. இது சம்பந்தி அண்ணா அடிச்சது. பந்துல பேர் போட்டதுல நாந்தான் எங்கூட்டுக்காரர் பேரைப் போட்டுட்டேன்"னேன். அதோட நிறுத்தியிருக்கலாமுன்னு தாரணி இன்னிக்கும் சொல்றா. ஆனா அவரு பெருமையை இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொன்னா என்னன்னு பட்டுச்சு. "அது மெதுவா அடிக்கறவங்களுக்குன்னே வர்ற பந்துங்க. வயசானவங்க, கையில வலு இல்லாதவங்க அடிச்சாலும் போகுமாம். நானேதான் கடையில அவரு மாதிரி அடிச்சுக் காட்டி வாங்கினேன். இப்படித்தான் அடிப்பாரு"ன்னு சொல்லி, மைக்கையே குச்சியாப் புடிச்சு, இடுப்பை ஆட்டி, புல்லைக் கிள்ளிப் போட்டு...

சிரிப்புன்னா சிரிப்பு. சமையல்காரங்கெல்லாம் கரண்டியோட வெளிய வந்துட்டாங்க. மாப்பிள்ளை தூணுக்குப் பின்னாடி போயி நின்னுட்டாரு. தாரணி வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கறா. சம்பந்தியம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டாங்க. எதுக்கு இப்படிச் சிரிக்கறாங்கன்னு எனக்குப் புரியலை.

சம்பந்தி எந்திரிச்சு வந்தாரு. என் பக்கத்துல நின்னாரு. சிரிப்பு அப்படியே அடங்கிப் போச்சு. போச்சுடா, புள்ளை வரமாட்டாள்னு நெனச்சுட்டேன்.

"எம்மருமகளைக் கூட்டிட்டுப் போங்க"ன்னாரு. "இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. அந்த மைக்கை மட்டும் என்கிட்டக் குடுத்துட்டுப் போங்க."

குடுத்தேன்.

வாங்கினவரு கீழ வெக்கலைங்க! "நான் சொல்றேன். நடந்ததை நான் சொல்றேன்"னு ஆரம்பிச்சாரு. அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சுது, எந்தக் குச்சியை எடுத்தாரு, அதை வெச்சுட்டு எந்தக் குச்சியை எடுத்தாரு, தோளு எப்படித் திரும்புச்சு, பந்து மேட்டைத் தாண்டறப்போ எப்படி வளைஞ்சுது, ஒவ்வொண்ணாச் சொல்றாரு. இத்தனை மாசம் நெஞ்சுக்குள்ள அடைச்சு வெச்சிருந்த மனுசன். கப்பைக் கக்கத்துல இடுக்கிட்டு, வளையலெல்லாம் கலகலன்னு கீழ கொட்டுது, அவரு நிறுத்தலை. இலை போட்டுச் சோறு ஆறிப் போச்சு. எந்திரிச்சுப் போக யாருக்கும் தைரியம் வரலை. எங்கூட்டுக்காரர்தான் முன்வரிசையில உக்காந்து, நடுவுல நடுவுல, "ஆமா, அந்த எடத்துல காத்து ஏமாத்தும்"னு ஒத்து ஊதிட்டிருந்தாரு. அவரு பந்து குட்டைக்குள்ள போறப்போ அடிச்ச காத்தைச் சொல்றாருன்னு எனக்குத்தான் தெரியும்.

மனசு மாறிரப் போகுதுன்னு நானும் சம்பந்தியம்மாவும் புள்ளையைப் பின்வாசல் வழியாக் காருல ஏத்திட்டோம். கார் தெரு திரும்பற வரைக்கும் மைக்குச் சத்தம் கேட்டுச்சு. பந்து அப்பவும் காத்துலதான் இருந்துச்சு.

தாரணி இப்ப எங்க வீட்டுலதான் இருக்கா. இன்னும் கொஞ்ச நாள்தான், டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. "அம்மா, ஆஸ்பத்திரியில மட்டும் நீ யார்கிட்டயும் எதையும் செஞ்சு காட்டாத"ங்கறா. அவளுக்கு எப்பவும் விளையாட்டுத்தான்.

சம்பந்தி வாராவாரம் மருமகளைப் பாக்க வர்றாரு. நேத்து வந்துட்டுக் கிளம்பறப்போ, வாசல்ல ஷூ போட்டுட்டு, கயித்தைக் கட்டறாரு, அவுக்கறாரு, மறுபடி கட்டறாரு. போகவே மாட்டேங்கறாரு. என்னுங்கண்ணான்னு கேட்டேன். உள்ள ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு, ரொம்பச் சன்னமா, "ஆடிக்கு வெச்சீங்களே... அது தீந்து போச்சு. எங்க வாங்கினீங்க?"ன்னாரு.

"அட, அந்த மெதுவா அடிக்கற பந்துங்களாண்ணா?"ன்னேன்.

"சத்தமாப் பேசாதீங்க!"ன்னாரு சம்பந்தி. அதுக்குள்ள உள்ள இருந்து எங்கூட்டுக்காரர், "யாருக்கு? எனக்கும் ஒரு டசன் சொல்லு வசந்தா, எனக்கும் தோளு வலிக்குது"ன்னு குரல் குடுக்கறாரு.

சம்பந்தி என் பக்கத்துல வந்து விரலை மடக்கி மடக்கிச் சொன்னாரு. பெட்டி வேண்டாம். பேர் வேண்டாம், குடுத்தவர் பேரும் வேண்டாம், அடிச்சவர் பேரும் வேண்டாம். முக்கியமா, இதை வெளிய ஒரு மனுசன்கிட்டச் சொல்ல வேண்டாம்.

பாவம், ரோசக்கார மனுசன். நானும் சரின்னுட்டேன். நேத்துல இருந்து இந்த நிமிசம் வரைக்கும் ஒருத்தர்கிட்டக்கூட வாயைத் தொறக்கலைங்க தம்பி.